சரவெடி என்று சொன்னீர்களாமே

அருமை மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு தீபாவளியும் கழிந்துவிட்டது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு மறுபடி வேலைக்குப் போகிறேன். சாயங்காலமானால் பொட்டலில் வழக்கம்போலச் சரக்கைக் கொளுத்திச் சோதிக்கிறார்கள். ஒருவரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை.

ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "சண்டை ஓஞ்ச ஊருடி. பல தேசத்துப் பட்டாளமும் சேந்து அமைதி காக்கப் போறோம். நீலத் தொப்பியப் பாத்தா ஒருத்தனும் சுட மாட்டான்." நானும் நம்பினேன். பட்டாசு வேலைக்கு விடாமல் உங்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிய அத்தையும் நம்பினார்கள்.

பெட்டியில் வந்தீர்கள். முதலாளி இலவசமாகச் சரவெடி கொடுத்தார். மயானம் வரைக்கும் உங்களுக்கு முன்னால் வெடித்துக்கொண்டே போனார்கள்.

போன மாதம், அங்கே உங்களோடு இருந்த முருகையா அண்ணன் வந்தார். கொடுத்த காப்பியைத் தொடாமல் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு அங்கன ஏதோ திருவிழா, தங்கச்சி. சந்தைப் பக்கம் படபடன்னு கேட்டுச்சு. நாங்க எல்லாரும் தரையில விழுந்துட்டோம். இவன் மட்டும் நின்னு சிரிச்சான். 'எந்திரிங்கலே, இது சரவெடி. இந்தச் சத்தத்துலதான் எங்க ஊர்ப் பிள்ளைக தூங்கும்'னான். அடுத்த குண்டு அவன் நெஞ்சுல."

துப்பாக்கிக்கும் வெடிக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? பட்டாளத்தில் இத்தனை வருஷம் என்னதான் படித்தீர்கள்? உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது மச்சான். அழுகைகூட அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம் மீனாவுக்கும் உங்கள் சுபாவம்தான். அண்ணன் வந்துபோன மறுநாள், பொட்டலில் வெடித்ததும் வாசலுக்கு ஓடிக் கைதட்டினாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிடித்துத் தரையோடு அமுக்கினேன். அடுத்த நாளும் அதேதான்.

"பச்சப்பிள்ளையப் போட்டு ஏன்டி கொல்லுற?" என்றார்கள் அத்தை.

"உங்க மகன நீங்க இப்படி வளத்திருக்கணும்" என்றேன். அதோடு அவர்கள் என்னிடம் பேசுவதில்லை.

இப்போது பாத்திரம் விழுந்தாலே மீனா கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். நேற்று அங்கேயே மூத்திரம் போய்விட்டாள். வெளியே இழுத்துத் துடைத்துவிட்டேன். அவள் நடுக்கம் நிற்கவில்லை.

இதை நான் நிறுத்த மாட்டேன். உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: உங்கள் மகள் கோழையாகத்தான் வளர்வாள். ஊர் சிரிக்கட்டும். என்னைக் கண்டே நடுங்கினாலும் சரி, உயிரோடு இருப்பாள்.

உங்கள் மாமன் மகள்,
பஞ்சவர்ணம்