கூடுதல் பட்டை வைத்த வண்டி

என் சரோஜா அக்கா,

நீ இருந்திருந்தால் கவரைப் பிரிக்கும் முன்பே, "இன்னாடா, வேலூர்லேர்ந்து ஆம்பூருக்கு பஸ்ஸா இல்ல, கடுதாசி போடுற?" என்று கேட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறேன். மாமாதான் கதவைத் திறக்கிறார். அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதை நான் வேலை செய்யும் பத்திரிகையிலேயே இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி வந்துவிட்டது. காலையில் சங்கு ஊதியதும் தெரு முழுக்கப் பெண்பிள்ளைகள், கையில் டிபன் டப்பா. மாமா அந்தச் சங்குக்குத்தான் எழுந்திருக்கிறார். தோல் மண்டியில் அவருக்கு இது கடைசி வருஷம். பச்சைத்தோல் வாங்கும் வேலையை ஒரு சின்னப் பையனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.

அடுத்தது வண்டி, நம் பழைய அம்பாசிடர். மெக்கானிக் கரீம் பாய், "இனிமே தோல் ஏத்தப் போறதில்லையே அண்ணே, இந்தக் கட்டை வண்டிய தள்ளிட்டு நல்ல ஸ்டாண்டர்டு ஸ்பிரிங்கு வண்டி ஒண்ணு வந்திருக்கு, எடுத்துக்கோங்க" என்கிறார். மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கான காரணத்தைப் போன மாதம்தான் என்னிடம் சொன்னார்.

"மச்சான், நீ பேப்பர்காரன். ஊர்ல எவன் எவனுக்கோ இன்னா நடந்துச்சுன்னு விசாரிச்சு எழுதுற. எனக்கு ஒண்ணு விசாரிச்சு சொல்லு. அந்த வண்டியில போய்ப் போய் உங்க அக்கா வலியில கஷ்டப்பட்டாளா?"

"இப்ப ஏன் மாமா இதெல்லாம்?"

"கரீம் பாய் பேச்சுவாக்குல சொன்னாரு. அந்த மாதிரி ஸ்பிரிங்கு, வண்டி காலியா போனா பின்னாடி உக்காந்தவங்கள தூக்கித் தூக்கிப் போடுமாம். அவள ஆஸ்பத்திரிக்கு டிக்கிய காலி பண்ணிட்டுத்தானே கூட்டிட்டுப் போனேன்."

அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை. நீ போனது மாரடைப்பில். முதுகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது நீ எப்படிப் போனாய் என்று அல்லவே. இருந்தபோது எப்படி இருந்தாய் என்றுதான் கேட்டார்.

அந்த வண்டியை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் முதுகில் ஆபரேஷன் முடிந்து, இனி பஸ்ஸில் ஏறக் கூடாது, வாரம் ஒருநாள் முதுகுப் பயிற்சிக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கரீம் பாய் பட்டறையில் இரண்டு அம்பாசிடர் நின்றன. ஒன்று ஒரு தோல் முதலாளி வீட்டுப் பெண்கள் போய்வந்த வண்டி. ஜன்னலில் திரை, கம்பெனியில் எப்படி வந்ததோ அப்படியே இருந்த ஸ்பிரிங். இன்னொன்று மெட்ராஸில் பந்தயம் ஓட்டுகிற ஒருவர் வைத்திருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை அடுக்கி ஸ்பிரிங் கட்டியிருப்பார்கள் இல்லையா, அதில் கூடுதலாகப் பட்டை வைத்துக் கெட்டியாக்கியிருந்தார். கரீம் பாய் அதை "ஸ்போர்ட்டு சஸ்பென்ஷன்" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார், மரியாதையாக.

எந்த ஸ்பிரிங் நல்லது என்று பார்க்க நம் ஊர் ஆட்கள் என்ன செய்வார்கள்? டிக்கியில் தோலை ஏற்றுவார்கள். உப்புப் போட்ட ஈரத்தோல் இரண்டு கட்டைத் தூக்கிப் போட்டு, டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். கை நுழைந்தால் வண்டி நல்ல வண்டி. திரை போட்ட வண்டியில் மாமாவின் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. பந்தய வண்டியில் உள்ளங்கையே போனது. சுற்றி நின்ற புரோக்கர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். "இது வண்டி" என்றார் ஒருவர்.

நீதான், "தோலு உக்காந்து பாத்துடுச்சு. நான் எப்ப உக்காந்து பாக்குறது?" என்று கேட்டாய்.

எல்லாரும் சிரித்தார்கள். கரீம் பாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. தோலை இறக்க யாரும் மெனக்கெடவில்லை, அப்படியே உன்னை ஏற்றி மாதனூர் வரை இரண்டு வண்டியிலும் போய்வந்தோம். நான் உன் பக்கத்தில் இருந்தேன். திரை வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. ஒவ்வொரு வளைவிலும் நீ கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டாய். பந்தய வண்டி ஆடவில்லை. "இது தேவலாம். என்னப் போட்டு முறுக்கல" என்றாய். மாமா முகத்தில் அவ்வளவு நிம்மதி. தொழிலுக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு.

அங்கேதான் அக்கா பிசகு. நீ பொய் சொல்லவில்லை. ஆனால் நீ உட்கார்ந்து பார்த்தது தோல் ஏற்றிய வண்டியில். நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் தோல் இல்லாத வண்டி. முதல் நாள் சாயங்காலமே மாமா டிக்கியைக் காலி பண்ணி, பினாயில் போட்டுக் கழுவி, காயவைத்து, ஊதுவத்தி ஒன்று கொளுத்தி வைப்பாரே. நாற்றம் உனக்கு ஆகாது என்று. அந்த மனுஷன் உன் மேல் வைத்த அக்கறைதான் வண்டியைக் கல்லாக்கியது. நம் ஊர் மனுஷருக்கு மட்டும் வரக்கூடிய தப்பு இது.

இதைக் கரீம் பாயிடம் கேட்டு மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமாவை ஓட்டச் சொல்லி, நீ உட்காரும் மூலையில், பின் சக்கரத்துக்கு நேர்மேலே, காலி வண்டியில் பள்ளிகொண்டா வரை உட்கார்ந்து போனேன். முன் சீட்டில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஓட்டுகிறவருக்கு இத்தனை நாள் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் என் இடுப்பில் ஏறியது, நல்ல முதுகு உள்ள என் இடுப்பில். அன்றைக்கு மாமா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வலியை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். அவரிடம் போய், ஆமாம் மாமா, அக்கா கஷ்டப்பட்டாள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாலைந்து நாள் சுற்றினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. உனக்கு அவ்வளவு வலித்திருந்தால், வாரா வாரம் சிகிச்சைக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டாயே, அது எப்படி? உன்னோடு வண்டியில் வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மாமாவையே கேட்டேன். "ஏன் கேக்குற. வழியெல்லாம் ஆள் ஏத்துவா. இது காரா டவுன் பஸ்ஸான்னு கேட்டுக் கேட்டு பேஜாராப் போச்சு" என்றார். யார் யார் என்று கேட்டேன். மாதனூரில் ஏறுவார் ஒரு டீச்சர் என்றார்.

மேரி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். வேலூரில் பள்ளிக்கூடத்தில் வேலை, மாதனூரில் வீடு. ஆகிருதியான அம்மாள். உன் பெயரைச் சொன்னதும் கண் கலங்கியது, உடனே சிரிப்பும் வந்தது.

"முதல் நாள் உங்க அக்கா வண்டிய நிறுத்தி, டீச்சர் ஏறுங்கன்னா. எனக்குக் கூச்சமா இருந்துது. முன்னபின்ன தெரியாதவங்க வண்டியில எப்படிங்க ஏறுறது? அதுக்கு அவ, 'உங்களுக்கு நான் உதவி பண்றேன்னு நெனச்சுக்காதீங்க, எனக்கு நீங்க பண்ணுங்க. இந்த வண்டி காலியா போனா குதிக்குது. நீங்க நல்ல கனமா இருக்கீங்க'ன்னா."

"அப்படியே சொன்னாளா?"

"அப்படியே. எல்லாரும் என் உடம்பப் பாத்து கேலி பண்ணுவாங்க சார். இதுக்காக என்னைத் தேடி வந்தவ உங்க அக்கா ஒருத்திதான். நான் லீவு போட்டா முன்னாடி வாரமே சொல்லிடணும். பள்ளிகொண்டாவுல பூக்காரம்மா வேற கூடையோட ஏறும். அது இல்லாத நாள்ல ரெண்டு பலாப்பழம் வாங்கி டிக்கியில போட்டுட்டு வருவா."

உனக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறையில் கூடி நின்ற அத்தனை ஆம்பிளைகளுக்கும், பத்திரிகைக்காரன் எனக்கும் தெரியாதது, எத்தனையாவது பயணத்தில் உனக்குப் புரிந்தது? முதல் வாரமேவா? பாரம் ஏறினால் இது அடங்குகிறது என்று நீயாகக் கண்டுபிடித்தாயா, தற்செயலாக யாரையோ ஏற்றிய அன்று உன் முதுகு சொல்லியதா?

அதைவிட எனக்குப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாமாவிடம் ஏன் சொல்லவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல், டீச்சர் சொன்னதை டீச்சர் சொன்னபடியே.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே பட்டையக் கழட்டியிருப்பேனே மச்சான்."

"கழட்டியிருந்தா தோல் எதுல ஏத்துவீங்க?"

"மாட்டு வண்டியில ஏத்துவேன். தலையில வெச்சுட்டு வருவேன். உனக்கு இன்னா?" என்று கோபமாகச் சொன்னார். பிறகு சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "சரி, போறப்ப டீச்சர் இருந்தாங்க, பூக்காரம்மா இருந்தாங்க. வர்றப்ப? அவங்கல்லாம் சாயங்காலம்தானே திரும்புவாங்க. பயிற்சி முடிஞ்சு, உடம்பு நொந்து போய் இருக்குற நேரம் அது. திரும்பி வர்றப்ப வண்டி காலிதானே?"

நான் அதை விசாரிக்கவில்லை. இத்தனை வருஷம் செய்தி எழுதியவன், போன வழியை மட்டும் கேட்டுவிட்டு வந்த வழியைக் கேட்காமல் விட்டிருந்தேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், "உப்பு" என்றார்.

"இன்னா மாமா?"

"உப்பு மச்சான். திரும்புறப்ப வேலூர் மண்டிகிட்ட வண்டிய நிறுத்தச் சொல்லி கல்லுப்பு மூட்டை வாங்கி டிக்கியில போடுவா. வாரா வாரம். ஆம்பூர்ல இல்லாத உப்பாடி, தெருவெல்லாம் தோலு உப்பு மிதிபடுது, நீ வேலூர்லேர்ந்து உப்பு கொண்டார்றியேன்னு சண்டை போட்டேன். வேலூர் உப்புல கசப்பு கம்மின்னா. ஒரு வீட்டுக்கு எவ்ளோ உப்பு வேணும்? கடைசியில எல்லாத்தையும் நான்தான் எடுத்துட்டுப் போய் தோலுக்குப் போட்டு முடிச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கசப்பு கம்மின்னா மச்சான். நானும் நம்பி, நாக்குல வெச்சு வெச்சுப் பாத்தேன். ஆமாண்டி, கம்மியாத்தான் இருக்குதுன்னு வேற சொன்னேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு போடு" என்று எனக்குச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டார் அக்கா. இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

மறுநாள் கரீம் பாயிடம் போய், புது வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "வயசாகுது அண்ணே, இடுப்பு போய்டும்" என்று அவர் சொன்னதற்கு, "ஆள் ஏத்திக்கிறேன் பாய்" என்றாராம். கரீம் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. பட்டறையில் என்னைப் பிடித்து, "உங்க மாமா டாக்ஸி விடப் போறாரா?" என்று கேட்கிறார்.

நீ ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. அவருடைய நிம்மதியைக் கலைக்க மனசில்லையா? தோல் ஏற்ற அவருக்கு வேறு வண்டி இல்லை என்பதா? இல்லை, வழியெல்லாம் பேச ஆள் கிடைத்ததில் உனக்கே அது பிடித்துப்போனதா? மூன்றையும் எழுதி வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சரியாகத் தெரிகிறது. உன்னைக் கேட்காமல் ஒன்றை மட்டும் அச்சில் போட எனக்கு உரிமை இல்லை, மூன்றையும் இப்படியே விட்டுவிடுகிறேன்.

மாமா இப்போது சர்க்கரைக்கு மருந்து வாங்க மாதம் ஒருமுறை வேலூர் வருகிறார். வரும்போது டீச்சரும் பூக்காரம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் ஆம்பூர் திரும்பும்போது என் ஆபீஸுக்கு முன்னால் வண்டி நிற்கும். நான் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறேன். வீடு வரைக்கும் போய், கடைசி பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன். உப்பு வாங்க மாட்டோம்.

மாமாவோடு கூட வரும்,
உன் தம்பி