பி பக்கத்துக் காம்போதி

செஞ்சி, 16-3-1986, ஞாயிறு

கோட்டை ரோட்டு டீக்கடையில் காதர் இன்று என் வயலின் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தான். கேசட் வாங்கினால் ஒரு வாரத்துக்குள் கருத்துச் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் இருவருக்குள் ஐந்து வருடப் பழக்கம்.

"ஏ பக்கம் தோடி சுமார்தான்டா. பி பக்கம் காம்போதி இருக்குது பாரு, ராத்திரி தூக்கமே வரல" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காம்போதியைப் போட்டேன். வெறும் இரைச்சல். கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். திண்டிவனத்து ரெக்கார்டிங் கடைக்காரர் ஒரு பக்கம்தான் பதிந்திருக்கிறார். நான் கேட்டுப் பார்க்காமலே இரண்டு ராகத்தின் பெயரையும் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோபத்தோடு சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவன் டேப் ரெக்கார்டர் ஓடுகிறதா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"அது ஏதுப்பா இங்க? தங்கச்சி கல்யாணத்துல மாப்ள வூட்ல கேட்டாங்க, குடுத்துட்டான். மூணு மாசம் ஆவுது. உன்னாண்ட சொல்லலியா?"

அந்தக் கல்யாணத்தில் நானும்தான் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன்.

இந்த மூன்று மாதத்தில் ஏழு கேசட் வாங்கிப் போயிருக்கிறான். ஏழுக்கும் கருத்துச் சொன்னான். ஒன்றுக்காக என்னோடு சண்டைகூடப் போட்டான்.

நான் வந்ததை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லாமல் இருப்பாரா தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வேறொன்று கேட்பான். புல்லாங்குழல் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பதிந்திருக்கிறதா என்று இப்போதுதான் முழுக்கக் கேட்டு முடித்தேன்.