இரண்டு விரல் கூடுதல்

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான், என் தையல் மெஷின் நால்வரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், முக்கியமாக உன் இடது முழங்கையின் சுகத்தையும் அறிய ஆவல். பார்சலைப் பிரித்தால் நீ முதலில் ஜாக்கெட்டைத்தான் எடுப்பாய், கடிதத்தைத் தொடமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் இதை ஜாக்கெட்டின் இடது கைக்குள்ளேயே திணித்து வைத்திருக்கிறேன், கையை விடும்போது தட்டுப்படட்டும். கறுப்புதானே கேட்டேன், சுத்தமான கறுப்பு, இதென்னம்மா இடது பக்கம் மட்டும் மணிக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை என்று நீ கத்தப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது. கத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கத்து. போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய், கடிதத்தில் அந்த வசதி இல்லை.

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் பட்டையின் கதை ஒழுங்காக வராது. மழையில் வண்டியோடு சறுக்கி விழுந்ததை நீ எங்களிடம் சொல்லவில்லை. வெயில் கொளுத்துகிறது, மின்விசிறி வேறு ரிப்பேர் என்று புலம்பிக்கொண்டே வீடியோவில் முழுக்கைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாய். தையல்காரியிடமா கை நீளத்தை மறைப்பது? முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாய், சட்டை முழங்கையில் மட்டும் புடைத்து நின்றது, உள்ளே கட்டு போட்டிருக்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடியா வேண்டும்? கேட்டதற்கு ஒன்றுமில்லை, லேசான சிராய்ப்பு என்றாய். பெற்றவளுக்கு லேசான சிராய்ப்பு என்று ஒன்று கிடையாது, போகட்டும். அந்தக் கட்டைப் பிரிப்பதற்குள்ளேயே, தோழிகளோடு மலைப் பாதையில் ஒரு வாரம் வண்டி ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றாயே, அப்போதுதான் நான் அந்த வண்டியைப் பற்றி இனிமேல் என் காதில் எதுவும் போடாதே என்று சொன்னேன். சொன்னதோடு சரி, உனக்குத்தான் நான் சொன்னதெல்லாம் காது வழியாக வந்து ஹெல்மெட் வழியாகப் போய்விடுமே. மறு வாரமே, அங்கே கடையில் தொங்குகிற ஜாக்கெட்டெல்லாம் அலமாரிக்குத் தைத்த மாதிரி இருக்கிறது, நம் பின்தெருவில் டயர் கடைகளுக்கு நடுவே ஒருத்தர் அளவெடுத்துத் தைக்கிறார், உன் உடம்பும் என் உடம்பும் ஒரே அச்சுதானே, நீ போய்ப் போட்டுப் பார்த்து வாங்கி அனுப்பு என்று செய்தி அனுப்புகிறாய். என்ன தைரியம்! நான் முடியாது என்று குதித்தேன். அப்பா லிப்ட் ரிப்பேருக்குப் போகிற பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டே, அவள் போகட்டுமா என்று கேட்கவில்லை, போகும்போது போட்டுக்கொள்ளச் சட்டை கேட்கிறாள், கேட்டதைக் கொடு என்றார். உன் அப்பா மாதத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவார், அதையும் என்னை மடக்குவதற்கே வைத்திருப்பார்.

ஆக, போனேன். வண்டி மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று நீ எச்சரித்திருந்ததால் அப்பாவின் பழைய பேன்ட்டை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு போனேன், எதிர்வீட்டு டீச்சரம்மா என்னைப் பார்த்து யாரோ என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடை என்றால் நீளமான ஒரே அறை, ஒரு சுவர் முழுக்கத் தோல், மாடு, எருமை, ஆடு என்று தனித்தனிக் கொக்கியில் தொங்குகிறது, உள்ளே நுழைந்ததும் புதுச் செருப்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஜாக்கெட்காரருக்கு என் வயதுதான் இருக்கும், காதில் பென்சில், வாயில் எப்போதும் ஏதாவது நூல். ஆட்டுத் தோல் மெத்தென்று இருந்தது, அதைத்தான் தடவிக்கொண்டே இருந்தேன். அவர், தொட்டுப் பார்க்க அது நல்லாயிருக்கும், தார் ரோட்டில் தேய்வதற்கு மாட்டுத் தோல்தான் என்றார். தேய்வதற்கு என்று அவர் சாதாரணமாகச் சொன்னதும் ஆட்டுத் தோலை விட்டுவிட்டு மாட்டுத் தோலையே எடுத்தேன். நிறத்தில் மட்டும் விடவில்லை. கறுப்பு அந்தி மசங்கல் நேரத்தில் தெரியாது, லாரிக்காரன் கண்ணில் படுகிற மாதிரி மஞ்சள் இல்லையா, சிவப்பு இல்லையா என்று கேட்டேன். அவர் உடனே உனக்கு போன் போட்டுக் கொடுத்தார். நீ கறுப்பு என்றாய், நான் சிவப்பு என்றேன், நீ கறுப்பு என்றாய், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பதில் நீ எனக்குப் பிறந்தவள்தான், தோற்றது நான். அதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த முறை போனபோது ஜாக்கெட் முக்கால்வாசி தைத்துத் தயாராக இருந்தது. போட்டுக்கொண்டு நின்றேன். அடி அம்மா, அது ஜாக்கெட்டா, கோழியை உறைக்குள் போட்ட மாதிரி. மூச்சை இழுத்தால் ஜிப் முறைக்கிறது, கையைத் தொங்கவிட்டால் ஜாக்கெட்டின் கைநுனி விரல் வரைக்கும் வந்து நிற்கிறது, தோளை அசைக்க முடியவில்லை. தொழில் செய்கிறவருக்குக் கைக்கும் உடம்புக்கும் அளவு தெரியவில்லையே என்று நான் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிற்பதற்குத் தைக்கவில்லை, ஏறி உட்காருங்கள் என்று மூலையைக் காட்டினார். அங்கே சக்கரம் கழற்றின ஒரு வண்டியை மரக்கட்டை மேல் ஏற்றி வைத்திருக்கிறார், அளவு பார்ப்பதற்கென்றே. ஏறினேன். எஞ்சின் இல்லாத, சக்கரம் இல்லாத, எங்கேயும் போக வழியில்லாத வண்டி, இருந்தும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குனிந்து கையை நீட்டியதும் பார், கைநுனி விரலிலிருந்து பின்வாங்கி மணிக்கட்டில் வந்து அளந்த மாதிரி உட்கார்ந்தது, முதுகு ஏறாமல் இடுப்பை மூடியது, நின்றபோது மார்பில் உப்பிக்கொண்டிருந்ததெல்லாம் அடங்கிவிட்டது. காலரில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். இங்கே மட்டும்தான் இரண்டு விரல், வேறு எங்கேயும் ஒரு விரல்கூட நுழையக் கூடாது என்றார். பிறகு முழங்கையைப் பிடித்துத் திருகினார், உள்ளே வைத்திருக்கிற கெட்டியான பேட் இம்மியும் நகரவில்லை. அதை ஏன் திருகுகிறார் என்று நான் கேட்கவில்லை, என் யோசனை வேறெங்கோ இருந்தது. எல்லோருக்கும் குனிய நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும், நீங்கள் ஏறினதுமே சரியாகக் குனிந்துவிட்டீர்களே, வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்த முதுகு ஐயா இது, கை முன்னால், கால் மிதியில், வண்டி மட்டும்தான் நகரவில்லை என்றேன். அவர் வாயிலிருந்த நூல் விழுகிற மாதிரி சிரித்தார்.

இவ்வளவும் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வந்ததா? ஜாக்கெட் முடிந்து வீட்டுக்கு வந்தது. தம்பி உடனே எடுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கடுகடுவென்று வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான், ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை, அந்தப் போட்டோவில் ஜிப்பைப் பையால் மறைத்திருப்பான், நம்பாதே. நான் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தேன். இறுக்கம், இறுக்கம், அப்படி ஒரு இறுக்கம். குளிருக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட வேண்டாமா, மலையில் பசித்து நாலு வாய் கூடச் சாப்பிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டாதா என்று எனக்கு ஒரே தவிப்பு. என் கை உனக்குத் தெரியாதா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைக்கிற கை, எந்தச் சட்டையானாலும் வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் கூடுதலாக விடாமல் கத்தரி எடுக்காது. நீயே முதல் வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது சட்டையும் புத்தகப் பையும் தனியாக நடந்து வருகிறது என்று வாட்ச்மேன் சொன்னாரே. மூன்றாவது வருஷம் சட்டை சரியாகப் பொருந்தியது, அதற்குள் நிறம் வெளுத்துவிட்டது, அது வேறு விஷயம். பழக்க தோஷம், பிளேடை எடுத்தேன். உள்மடிப்பில் இரண்டு விரல் தோல் சும்மாதானே கிடக்கிறது, இடது பக்கம் மணிக்கட்டு முதல் அக்குள் வரை, அக்குள் முதல் இடுப்பு வரை பிரித்து, பள்ளிப் பை தைக்கிற பெரிய ஊசியைப் போட்டுத் தளர்த்தித் தைத்துவிட்டேன். இரண்டு ஊசி முறிந்தது, நான் விட்டேனா! போட்டுப் பார்த்தால் இடது பக்கம் சொகுசாக இருந்தது. வலது பக்கத்தையும் பிரிக்கலாம் என்று உட்காரும்போது அப்பா வந்தார்.

அவர் எதையும் அசைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார், லிப்ட் மெக்கானிக் புத்தி. அந்தக் கடைக்காரர் உட்கார வைத்துத்தானே பார்த்தார், நீயும் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார் என்றார். உட்கார்ந்து குனிந்தேன். வலது முழங்கையைப் பிடித்துத் திருகினார், பேட் அப்படியே நின்றது. இடது முழங்கையைத் திருகினார், பேட் சரக்கென்று சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது, முழங்கை எலும்பின் மேல் வெறும் தோல்தான் இருந்தது. அப்பா அந்த வெறும் தோலில் விரலை வைத்து அழுத்தினார். பிறகு, "அவ விழுந்தது எந்தக் கையில?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நீ ஏற்கெனவே அடிபட்ட அதே கையை அல்லவா நான் பிரித்து வைத்திருக்கிறேன். அழுதேன், சொல்ல என்ன வெட்கம். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி பிரித்துப் பழைய கோட்டிலேயே தைத்துவிடலாம் என்று பார்த்தால், துணியில் ஊசி போன இடம் ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும், தோலில் மூடவே மூடாது, எறும்பு வரிசை மாதிரி நெடுகத் துளை. அதே துளையில் திரும்பவும் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது, தபால் தலை கிழிகிற மாதிரி கிழியும். ஜாக்கெட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினேன், கால் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்று கடை வாசலில்தான் பார்த்தேன்.

ஜாக்கெட்காரர் திட்டுவார் என்று பயந்தேன், நானாயிருந்தால் திட்டியிருப்பேன், என் தையலில் ஒருத்தி பிளேடு வைத்தால் சும்மா விடுவேனா. அவர் விளக்கடியில் பிடித்து என் தையலை நெடுகப் பார்த்தார். தையல் நேராத்தான் இருக்கு, இடம்தான் தப்பு, நம்ம தொழில்காரங்களாச்சேன்னு வெளியில சொல்லமாட்டேன் என்று சிரித்தார். ஏன் தளர்த்தினீர்கள் என்று கேட்டார். வளர்கிற பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது, உன் வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன். கையில் இறுக்கமாக இருந்தது என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து சொன்னார், அதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொள். "விழுறப்ப சட்டை உடம்போட சேர்ந்து போகணும்மா. உடம்பு ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் போச்சுன்னா, அப்புறம் எதுக்குச் சட்டை?"

பழைய அளவுக்கே பிடித்து, துளைகளின் மேல் கெட்டித் தோலில் ஒரு பட்டை வைத்து இரண்டு ஓரமும் தைத்தால் முன்பு இருந்ததைவிடப் பலமாகவே இருக்கும் என்றார். ஆனால் அந்தக் கனத்தில் அவ்வளவு நீளத்துக்குக் கறுப்புத் துண்டு இல்லை, செங்கல் நிறம்தான் இருக்கிறது, கறுப்பு வேண்டுமென்றால் புதுத் தோல் வந்து சேர நீ மலைக்குப் போய்த் திரும்பியே விடுவாய் என்றார். அய்யோ பாவம், அப்படியா, வேறு வழியில்லையா என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று நீயே யோசித்துக்கொள். வலது பக்கமும் ஒன்று வைத்துவிடலாமே, பார்வைக்குச் சமமாக இருக்குமே என்று கேட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிற தோலில் ஊசி போடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு கை ஒரு நிறமாக ஒரு உடுப்பை என் வீட்டிலிருந்து வெளியே அனுப்புவது எனக்கு எப்படி உறுத்துகிறது தெரியுமா. யாராவது கேட்டால் புது மாடல் என்று சொல். அவர் தைத்து முடித்ததும் நான் அதைப் போட்டுக்கொண்டு அந்த மரக்கட்டை மேல் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, நானே என் இடது முழங்கையைத் திருகிப் பார்த்தேன். நகரவில்லை. திரும்பவும் பார்த்தேன். நகரவில்லை.

இங்கே வீட்டில் பெயிண்ட் அடித்ததில் மாடிப்படி வழுக்குகிறது, அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, தம்பி பேக்கரி வேலைக்கு நேரத்துக்கு எழுந்து போகிறான் என்றால் நம்பவா போகிறாய், ஆனால் உண்மை. நீ ஜாக்கெட்டைப் போட்டதும் கண்ணாடி முன்னால் நிற்காதே, வண்டி மேல் உட்கார்ந்து குனிந்து பார், முழங்கையை யாரையாவது விட்டுத் திருகச் சொல், அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. புதுத் தோல் முதலில் முறைக்கும், பத்துப் பதினைந்து தடவை போட்டால் உன் சொல் கேட்கும். நனைந்தால் வெயிலில் காயப்போடாதே, நிழலில் மாட்டு. மலைப் பாதையில் முன்னால் போகிறவளைப் பிடிக்க வேண்டும் என்று முறுக்காதே, கடைசியில் போகிறவள்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டே போகலாம். தினமும் இறங்கினதும் ஒரு வார்த்தை, வந்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. இனிமேல் அரைக்கைச் சட்டையில்தான் வீடியோவுக்கு வர வேண்டும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை, கால், வாய் எல்லாம் இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அதாவது நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினார்.

உனக்கு நான் தைத்தது, வாங்கியது எதுவானாலும் வளர இடம் விட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். இது ஒன்றில் மட்டும் விடவில்லை, சரியாக உன் அளவு, காலரில் அந்த இரண்டு விரலைத் தவிர. அதனால் மலைக்குப் போகிற அதே அளவில் திரும்பி வந்து சேர், தங்கமே.

இப்படிக்கு,
நகராத வண்டியை உனக்கு முன்னாலிருந்தே ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா