நியூ லின்னுக்குப் போன பலகாரத் தட்டு

மவுண்ட் ஆல்பர்ட்
12 ஜனவரி

அன்பு மகள் பிரணவிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அண்ணன் கீதன் எழுதித் தரவில்லை, நானே என் கையால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் இராசமலர் ரீச்சர் ஒரு வருடமாக என்னோடு மல்லுக்கட்டியதன் பலன் இந்தத் தாள். நேற்று மத்தியானம் தொடங்கினேன். விரல்கள் உளைகின்றன, ஆனாலும் நிறுத்த மனமில்லை.

இங்கே எல்லோரும் சுகம். உன்மேல் ஒரு குறை உண்டு. மகளுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று கோயிலில் வரதராஜன் கேட்டார். பந்து விளையாட்டில் வேலை என்றேன். "அப்ப பிள்ளை ஓடி விளையாடுதோ?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார். விளங்கும்படி எழுது. எழுத்தையும் பெரிதாகப் போடு.

உன் அப்பா
குலசிங்கம்

ஒஹாயோ
30 ஜனவரி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒருவன் பந்தை எறிவான். அவன் எறிய முதல், ஓரத்திலிருந்து பாய்ந்து அவனை விழுத்த ஒருவன் வேண்டும். ஏப்ரலில் எல்லாக் கழகங்களும் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை எடுக்கும். அதை டிராஃப்ட் என்பார்கள். பாய்கிறவர்களில் யார் தேறுவான் என்று எங்கள் கழகத்துக்குப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. வித்தை தெரிந்தவனைக் கண்டுபிடிப்பது சுலபம். உடம்பில் பலமும் வேகமும் இருந்து, வித்தை இன்னும் கைக்கு வராத பிள்ளைகள்தான் கஷ்டம்.

இந்த முறை அப்படி ஒருவன் இருக்கிறான். பெயர் மலாக்காய். டொங்காத் தீவுக் குடும்பம், வீடு உங்களுக்குக் கிட்ட, நியூ லின்னில். ரக்பி ஆடிக்கொண்டிருந்தவனை இங்கே ஒரு பல்கலைக்கழகம் கூட்டிவந்தது. அவன் முதல் அடி வைத்தால் எதிரில் நிற்பவனுக்குத் திரும்பக்கூட நேரமில்லை. ஆனால் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. மோதுகிறான், மோதின இடத்திலேயே நின்றுவிடுகிறான். எங்கள் கழகத் தலைவர் வேண்டாம் என்கிறார். யாரை எடுப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் அவனுக்காகப் பேசப் போகிறவள் நான் ஒருத்திதான். ஏச்சு வாங்கிக் கற்றுக்கொள்ளும் மனம் அவனுக்கு உண்டா என்பதுதான் வீடியோவில் தெரியவில்லை. எனக்கு இது முதல் வருடம். என் சொல் பிழைத்தால் பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். கழகத்தின் எண்ணம் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது.

அன்புடன்
பிரணவி

மவுண்ட் ஆல்பர்ட்
20 பெப்ரவரி

என் தங்க மகளுக்கு,

நீ சொன்னபடி கோயிலில் மூச்சும் விடவில்லை. பொடியனின் வீட்டில்தான் கேட்டேன். அவர்கள் வேற்றாட்களா?

ஒரு பிள்ளையை எடுக்க முதல் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டாமா? கீதனுக்குப் பெண் எடுக்க நாங்கள் எவ்வளவு விசாரித்தோம். உங்கள் கழகத்தில் அதற்கு ஆளில்லைப் போலும் என்று நினைத்தேன். மருமகளைக் கொண்டு பயற்றம் பணியாரம் செய்வித்து, வாழைப்பழமும் வைத்து, தட்டோடு ரயில் ஏறினேன். டொங்கா ஆட்களின் தேவாலயத்தில் பெயரைச் சொன்னதும் வாசல்வரை கூட்டிப்போனார்கள்.

தாயின் பெயர் செலா. என் அரைகுறை இங்கிலீசு போதுமாக இருந்தது. அமெரிக்காவில் என் மகள்தான் உங்கள் மகனைப் பார்க்கிறாள் என்றேன். பிடித்த கையை அவர் விடவில்லை. பிள்ளை ஏச்சுத் தாங்குவானா என்று கேட்டேன். சிரித்தார். சின்ன வயதில் சுருதி சேரவில்லை என்று பாட்டுக் குழுவிலிருந்து அவனைத் துரத்துவார்களாம். அடுத்த ஞாயிறும் முதல் ஆளாக வந்து நிற்பானாம். கடைசியில் பாட விட்டார்களாம். இதைக் கூட்டத்தில் சொல்லு.

தட்டை வெறுமனே திருப்பித் தரவில்லை. கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் வைத்தார்கள். இறைச்சி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. எல்லோருமாக நின்று படம் எடுத்தோம். நான் நடுவில்.

சந்தோஷத்துடன்
அப்பா

ஒஹாயோ
10 மார்ச்

அப்பாவுக்கு,

தொலைபேசியில் என்றால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைத் தேவாலயத்துக்காரர் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள், மலாக்காயை எடுக்கப்போகும் கழகத்திலிருந்து ஒரு பெரியவர் சீர்வரிசையோடு வந்தார் என்று. அவனுக்காகக் கழகங்களோடு பேசும் முகவர் எங்கள் தலைவரை அழைத்து, எந்தச் சுற்றில் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். வேலை போகவில்லை. ஆனால் அவன் வீட்டோடு எங்களுக்கு உறவு என்று சொல்லி, அவனைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் நீக்கிவிட்டார்கள். கூட்டத்தில் அவன் பெயர் வரும்போது நான் வெளியே நிற்க வேண்டும். உள்ளே அவனுக்காகப் பேச வேறு ஆளில்லை அப்பா.

நீங்கள் நல்ல மனதோடுதான் போனீர்கள். அது தெரிவதால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பிரணவி

மவுண்ட் ஆல்பர்ட்
30 மார்ச்

மகளுக்கு,

பல தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று வெறுங்கையோடு செலா வீட்டுக்குப் போனேன். நான் கழகத்து ஆளில்லை, மகள் என்னை அனுப்பவுமில்லை, நானாக வந்தேன், என்னால் உங்கள் மகனுக்காகப் பேச இருந்த ஒரே வாயும் அடைபட்டுப் போயிற்று என்று சொன்னேன். அவர் உள்ளே போனார். இனி வரமாட்டார் என்று எழும்பினேன். தேநீரோடு வந்தார்.

"எத்தனையோ கழகம் அவனை அளந்தது, நிறுத்துப் பார்த்தது. இந்தக் கதவைத் தட்டினது நீங்கள் மட்டும்தான்" என்றார்.

டிராஃப்ட் முடிகிற ஞாயிறு காலை தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார். நீ எழுதினால் போவேன். எழுதாவிட்டால் வீட்டில் இருப்பேன்.

அப்பா

ஒஹாயோ
13 ஏப்ரல்

அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்தது. அவன் பெயர் வந்தபோது நான் அறைக்கு வெளியே நின்றேன். கதவு மூடியதும் திறந்ததும் ஒன்றுபோல இருந்தது, அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்கள். எங்கள் கழகம் அவனை எடுக்காது.

போங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவராவது அந்த வீட்டில் இருக்கட்டும்.

பிரணவி

மவுண்ட் ஆல்பர்ட்
28 ஏப்ரல்

என் தங்க மகளுக்கு,

தொலைபேசியில் கீதன் சொல்ல முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதத்தான் ஆசையாக இருக்கிறது.

வீடு நிறைய ஆட்கள். உங்கள் கழகத்தின் முறை வந்து வேறு பெயர் வாசித்தபோது நான் நிலத்தைப் பார்த்தேன். செலா என் தட்டில் இன்னும் கொஞ்சம் கிழங்கு வைத்தார். கடைசிச் சுற்றும் முடியப்போகிறது என்று ஆட்கள் பாயைச் சுருட்டத் தொடங்கிய நேரத்தில், வேறொரு கழகம் அவன் பெயரைச் சொல்லிற்று. அவ்வளவு பெரிய உடம்புகள் ஒரே நேரத்தில் துள்ளினால் மரவீடு என்னாகும் என்று யோசித்துப் பார்.

மலாக்காய் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் முகம் காட்டி அழுதான். செலா என்னிடமும் தந்தார். வாழ்த்துச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்கள் மகள் என்னில் என்ன பிழை கண்டவ? அதைத் திருத்த வேணும்."

பேர் வாசித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை மகளே. நீ அவனைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

கைகளைப் பற்றி நீ எழுதியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்வதும் சொல்லாததும் உன்னுடைய வேலை.

உன் அப்பா
குலசிங்கம்