கிருத்திகையன்று பழனிக்குக் கிளம்பினோம்

அண்ணே,

காலையில் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கொய்யாப்பழ வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் கொழுந்தியாள் நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடைக்காரம்மாவிடம் வாங்கி வந்திருக்கிறாள். பாலை மறந்து கதவைச் சாத்திவிட்டுக் கடுங்காப்பி குடித்தேன்.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பொறாமைதான். மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்று நம்மைப் போன்ற சகலைகளுக்குள் புகைவது ஊர் வழக்கம். அதைக்கூட நான் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைவிட உங்களிடம் ஒட்டிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை இல்லாத மனுஷனைப் பார்த்து இரண்டு பிள்ளை பெற்றவன் பொறாமைப்பட்டான் என்றால் யாராவது நம்புவார்களா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் முழுக்க என்னுடையது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. பழனி மலைக்கு விஞ்ச்சில் ஏறப் போகிறோம் என்று ஒரு மாதமாகக் கதை விட்டிருந்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே டிபன், எல்லாம் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நீங்கள் யாரிடமோ ஆம்னி வேனை இரவல் வாங்கிக்கொண்டு, மதினியோடு குஜிலியம்பாறையிலிருந்து விடிவதற்குள் வந்து நின்றீர்கள்.

ஆயக்குடி வருவதற்குள் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ரோடு முழுக்கக் காவடி, பச்சை வேட்டி. அன்றைக்குக் கிருத்திகை, பழனியில் கால் வைக்க இடம் இருக்காது. ஆபீஸ் லீவைப் பார்த்து நாள் குறித்த நான் தினசரிக் காலண்டரைப் பார்க்கவில்லை. இந்தச் சீமையில் பிறந்த எவனும் செய்யாத மடத்தனம்.

"உங்களுக்குமாண்ணே தெரியாது?" என்று உங்கள் மேல் பாய்ந்தேன்.

"தெரியும்ப்பா. நீ அம்புட்டு ஆசையாச் சொன்ன. அதை எப்படிக் கெடுக்கிறது?"

திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன். அதற்குள் மகன் வாந்தி எடுத்தான், மகள் அழ ஆரம்பித்தாள். நீங்கள் வண்டியை ஒரு மண்பாதையில் திருப்பினீர்கள். லோடு வண்டியில் காய் ஏற்றப் போய்ப் போய் உங்களுக்குப் பழகிய தோப்பு அது. கொய்யாத் தோப்புக்காரர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, புள்ளைங்க இப்படி வாடிப் போச்சுங்களே. எறக்கிவிடுங்க, மோட்டார் ஓடுதுங்க."

அவ்வளவுதான், பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்குள். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, இரண்டு தோளிலும் ஆளுக்கொருவராக ஏற்றிக்கொண்டீர்கள். மகனுக்குத் தண்ணீர் என்றால் பயம். என் கையில் ஆறு மாதமாகப் போகாத பயம் உங்கள் தோளில் அரைமணி நேரத்தில் போயிற்று. நான் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப்பைத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து, நடந்தாவது மலைக்குப் போகலாம், கிளம்புங்கள் என்று குரல் கொடுத்தேன். மகள் தொட்டிக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்.

"அப்பா, நீங்க போயி சாமி கும்பிட்டு வாங்க. நாங்க பெரியப்பாகூட இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

திரும்பும்போது மகள் உங்கள் சீட்டைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வருவீர்களா என்று கேட்டாள். "வாரேன் தாயி" என்றீர்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு நாள் கூத்து யாரு வேணா காட்டலாம்ணே. காய்ச்சல்னா ராத்திரி முழிக்கிறது, ஸ்கூலுக்கு அனுப்புறது, அந்தக் கஷ்டமெல்லாம் பெத்தவனுக்குத்தான் தெரியும்."

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் எதிர்கொள்ளவில்லை. நீங்கள் கியரை மாற்றிவிட்டு, "அதுவும் சரிதாம்ப்பா" என்றீர்கள். உங்கள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. பிறகு வந்தபோதெல்லாம் காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு, "பிள்ளைக படிக்குதா? கூப்பிட வேணாம்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போனீர்கள். உள்ளே வாங்க என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் மார்க்கெட்டில் தக்காளி இறக்கும்போது சாய்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பந்தலில் கொள்ளி வைக்க யார் என்ற பேச்சு வந்தது. மதினி எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "தம்பி, உங்க மகனை விடுவீங்களா?"

ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பையனுக்கு மொட்டையா? ஆகாதுப்பா."

"எம் பிள்ளை. நான் சொல்றேன். உக்கார வைங்க" என்றேன்.

ஏழு வயதுப் பையன், அண்ணே. நாவிதருக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தான். கொள்ளியைப் பிடித்த அவன் கையை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "பெரியப்பா" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டான். என்னை அவன் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது என் விரலை இழுத்தான். "அப்பா, அப்ப நான் பெரியப்பாவுக்கும் பிள்ளையா?"

"ஆமாண்டா."

அழுது வீங்கிய முகத்தில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும், உங்களை எரித்துவிட்டு வருகிற வழியிலும், எனக்கு வயிறு எரிந்தது அண்ணே. இன்னும் அணையவில்லை.