ஒன்பதாவது குரல்

தாளம் தப்பினால் கண்ணாலேயே அதட்டும் என் அம்மாவுக்கு,

உயிர்ப்பு ஞாயிறுப் பூசை முடிந்து இப்போதுதான் திண்டிவனம் வீட்டுக்கு வந்தேன். சேலைகூட மாற்றவில்லை. உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்காது போலிருக்கிறது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் நீயே பாட்டுச் சேர்க்கும் உன் மிடி கண்ட்ரோலர் பெட்டியை ஊதாத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தாய். "தவக்காலத்துல அல்லேலூயா பாட்டத் தொறக்கக் கூடாதுடி. பெரிய சனிக்கெழம எடுத்து முடிச்சுக்கலாம்" என்றாய். நீ நடத்தும் பாடகர் குழுவில் எல்லோர் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்தாகிவிட்டது. ஏற்றி இறக்கிச் சேர்ப்பதுதான் பாக்கி. பாதித் தவக்காலத்தில் நீ போய்ச் சேர்வாய் என்று யார் நினைத்தோம்?

நேற்று, பெரிய சனிக்கிழமை காலை, நான்தான் பிரித்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். கட்டையை அமுக்கினால் சத்தம் வருகிறது, குரலை ஏற்றி இறக்கும் ஃபேடர்களைத் தள்ளினால் திரையில் ஒன்றும் அசையவில்லை. விடிந்தால் கோயில் ஒலிபெருக்கியில் உன் பாட்டு வர வேண்டும். விழுப்புரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி பவுலை வரச் சொன்னேன்.

"க்கா, நீ வேற யூ.எஸ்.பி. ஓட்டையில சொருவிட்ட. கம்ப்யூட்டரு இத்தப் புதுசுன்னு நெனச்சிக்கினு கீது. எந்த ஃபேடருக்கு எந்தக் கொரலுன்னு அம்மா வச்ச மேப்பிங் பூடுச்சி" என்றான். பழைய ஓட்டையில் செருகிப் பார்த்தான். அது ஆட்டம் கண்டு, வயர் நிற்கவில்லை. "பேஜாரு வேணாம், ஜல்தியா புதுசா போட்டுடலாம்" என்று திரையில் தெரிந்த வரிசையிலேயே போட்டான்: முதலில் பெண்கள், பிறகு ஆண்கள்.

எல்லாம் வேலை செய்தது. பாட்டுதான் சேரவில்லை. நம் குழு லூர்து அக்காவின் குரலைக் குறைக்கப் போனால் கை வேறெங்கோ போகிறது, அதற்குள் அந்த அடி கடந்துவிடுகிறது. நீ திரையையே பார்க்க மாட்டாயே அம்மா, கண்ணை மூடிக்கொண்டல்லவா தள்ளுவாய்? இடது ஓரத்துக்குக் கையை நீட்டி, "லூர்து, கத்தாத" என்பாய், அவள் எதிரிலேயே நிற்பது போல.

அப்போதுதான் விளங்கியது. கோயிலில் நீ நின்று கை காட்டும் இடத்திலிருந்து பார்த்தால் இடது ஓரத்தில் லூர்து அக்கா. அவளுக்குப் பக்கத்தில் நான். அப்புறம் டெய்லர் சவரிமுத்து மாமா. எங்கள் பெஞ்சு வரிசைதான் உன் ஃபேடர் வரிசை! ஐம்பது வயதுக்கு மேல் மௌஸ் பிடித்தவளுக்கு இதை யார் சொல்லித் தந்தது?

பவுல் மறுபடி மௌஸைப் பிடித்தான். "எத்தினியோ எடத்துல பாத்துக்கீறேன், இப்பிடி யாரும் வச்சதில்லக்கா. நம்ம அம்மா அம்மாதான்" என்றான்.

வரிசையை மாற்றியதும் பாட்டு தானாக வந்து உட்கார்ந்தது. ஆனால் ஃபேடர் எட்டு, குரல் ஒன்பது. ஒன்பதாவது உன்னுடையது. நீ பெஞ்சில் உட்காருவதில்லை, அதனால் உனக்கென்று ஒரு ஃபேடரே வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் எல்லோருக்கும் அடியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு உன்னைக் குறைத்து விட்டிருந்தாய். ஏனம்மா?

ஓரத்தில் சும்மா கிடந்த குமிழை உனக்குக் கொடுத்தேன். கடைசி அல்லேலூயாவில் நன்றாகக் கூட்டித் திருகினேன்.

இன்று காலை ஒலிபெருக்கியில் அந்த இடம் வந்தபோது, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நீ வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தோம். லூர்து அக்கா வாய்விட்டே உன்னைக் கேட்டாள்: "ஏ ரீத்தா, இம்மாங் கொரல வச்சிக்கினு எங்களயாடி பாட வுட்ட?" கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை அம்மா.

அடுத்த தவக்காலத்துக்கும் அதே ஊதாத் துணியில் சுற்றி வைப்பேன். எந்த ஓட்டை என்று மறக்காமல் பொட்டு வைத்துவிட்டேன். பெரிய சனிக்கிழமை பாஸ்காவுக்குப் பிரித்ததும் முதலில் என் கை போவது உன் குமிழுக்குத்தான். இனி உன்னைக் குறைக்க மாட்டேன்.

லூர்து அக்காவுக்குப் பக்கத்து இடத்திலிருந்து,
உன் மகள் சகாயமேரி