ஏழாம் பக்கத்துப் பொய்

மார்ச் 4

என்னங்க,

நலமாக இருப்பீர்கள். நானும் மகளும் சுகம்தான். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் ஒரு சிரிப்புச் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

உங்கள் ஆலையின் மாத இதழ் நேற்று தபாலில் வந்தது. ஏழாம் பக்கத்தில் உங்கள் படம். கையில் நான் தைத்த பழுப்புத் தோல் வாட்ச் பட்டை. மேலே கொட்டை எழுத்தில் “கொதிகலன் பிரிவில் ஒரு கைவினைஞர்”. மகள்தான் முதலில் பார்த்து உரக்கப் படித்தாள். பாதியில் நிறுத்தி, “அம்மா, அப்பா எப்பம்மா இதெல்லாம் தைச்சாரு?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, இரண்டு வருடமாகத் தோல் வெட்டுகிறேன், தைக்கிறேன். எனக்கென்று இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. உங்களுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்றீர்கள், இன்னும் பதினொன்று அனுப்பினேன். அத்தனையும் நீங்கள் தைத்ததாம்!

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. “மனைவி உதவுவாரா?” என்று கேட்டதற்கு உங்கள் பதில் அச்சில் இருக்கிறது. “அவளா? அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.”

தினமும் நாற்பது பேர் கையில் நரம்பு தேடி ஊசி குத்துகிறவள் நான். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 11

என் செல்லக் கோபக்காரிக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. கவரைப் பிரிக்கிறப்பவே கை சுட்டுச்சு.

நடந்ததைச் சொல்றேன், கேளு. முதல் பட்டையைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போன அன்னைக்கு, “எங்கய்யா வாங்கின?”ன்னு ஸ்டோர்கீப்பர் கேட்டான். சும்மா விளையாட்டுக்கு, “நானே தைச்சேன்”னு விட்டேன். அவன் நம்பிட்டான். மறுநாள் நாலு பேர் வந்து கையைப் புடிச்சுப் பார்க்கிறாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? பேட்டியில சொன்னதும் வாய் தவறி வந்த வேடிக்கைதான். அதைப் போய் அச்சடிப்பான்னு யாரு கண்டா?

உன்னுது என்னுதுன்னு நமக்குள்ள என்னம்மா இருக்கு?

இன்னொண்ணு. எங்க பொது மேலாளர் இந்த முப்பதாம் தேதி ஓய்வு பெறுறாரு. பிரிவுபசார விழாவுல அவருக்கு ஒரு பட்டை தர்றேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். கறுப்புத் தோல், வெள்ளைத் தையல். இந்த ஒரு தடவை மட்டும் தைச்சு அனுப்பிடு, கண்ணு. இல்லேன்னா என் மானம் போயிடும்.

உன்
அசட்டுப் புருஷன்


மார்ச் 15

கைவினைஞர் அவர்களுக்கு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே பட்டை இல்லை. கறுப்புத் தோல் ஒரு துண்டு, மெழுகு போட்ட வெள்ளை நூல், இரண்டு ஊசி, துளை போடும் கருவி. நீங்களே தையுங்கள்.

ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒரு இடத்தில் இழுவை குறைந்தால்கூட வரிசை கோணும். கோணினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து. என் முதல் பட்டையை ஒன்பது தடவை பிரித்தேன். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை.

உன்னுது என்னுது என்ன இருக்கிறது என்கிறீர்கள். சரி, நாளைக்கு உங்களுக்குப் பதவி உயர்வு வந்தால் அதை என் பெயரில் அச்சடிக்கச் சொல்லட்டுமா?

மானம் போய்விடும் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது இனிமேல்தானே போகும்? என்னுடையது அந்த இதழ் வந்த அன்றே போய்விட்டது.

உங்கள் மனைவி


மார்ச் 22

அம்மா தாயே,

மூணு நாளா உக்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரல்ல ரெண்டு ஓட்டை. தோல்ல போட்ட ஓட்டை ஒண்ணுகூட நேரா இல்ல. போதுமா? உனக்குச் சந்தோஷமா?

எனக்கும் கோபம் வரும், தெரிஞ்சுக்கோ. ஒரு பட்டைக்காக இருபது வருஷக் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கணுமா? குடிச்சேனா, கூத்தியா வச்சேனா? ஒரு பொய் சொன்னேன், அவ்வளவுதானே?

இதழ் போடுறவர்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். “விடுப்பா, திருத்தம் போட்டா ஆலைக்கே அசிங்கம்”னுட்டாரு. அவரே விட்டுட்டாரு. நீயும் விட்டுடேன்.


மார்ச் 25

என்னங்க,

விட மாட்டேன். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். முப்பதாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். விழா நடக்கும் இடத்தில் உட்கார்ந்து, உங்கள் மேலாளர் கண் முன்னால் தைப்பேன். நான் யார் என்று அங்கே எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.


ஏப்ரல் 8

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கோபம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை.

நீங்கள் மைக்கைப் பிடித்து, “பட்டையெல்லாம் தைச்சது என் சம்சாரம். நான் சொன்னது பொய்” என்றதும் கூட்டமே சிரித்தது. உங்கள் வழக்கமான வேடிக்கை என்று நினைத்தார்கள். மறுபடி சொன்னீர்கள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை குரல் உடைந்து, “சிரிக்காதீங்கய்யா!” என்று கத்தினீர்கள். அப்புறம்தான் அடங்கினார்கள். அப்போது உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவம் வேறு, கோபம் வேறு.

மேலாளர் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடைசித் தையல் வரை பார்த்தார். பாதி வேலையை வீட்டிலேயே முடித்து எடுத்து வந்திருந்தேன். அப்படியும், “ஒண்ணுக்கே இவ்வளவு நேரமா?” என்று வாய் பிளந்தார். இரண்டு வருடமாக நீங்கள் கேட்காததை யாரோ ஒரு மனிதர் ஒரே நாளில் கேட்டுவிட்டார். நல்லபடியாகத் தைத்துக் கொடுத்தேன். அவர் மேல் எனக்கு என்ன கோபம்?

அடுத்த இதழில் திருத்தம் வருகிறதாம். வரட்டும்.

இத்தனை நாள் சமையல் மேடையின் ஓரத்தில், பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே தைத்தேன். நேற்று முன்னறை மேசையைக் காலி செய்தேன். உங்கள் பழைய பேப்பர், ரேடியோ, கண்ணாடிக் கூடு எல்லாம் அலமாரிக்கு மேலே பத்திரமாக இருக்கின்றன. மாதக் கடைசியில் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் அந்த மேசையில் எதையும் வைக்காதீர்கள்.

உங்கள் மனைவி